குமிழ் மூடித்தான் இருந்தது

என் மனைவி கேஸ் அடுப்பின் குமிழைச் சரியாக மூட மறந்துவிட்டாள், அதனால்தான் தீப்பிடித்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். குமிழ் மூடித்தான் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். கேஸ் கசிந்தது ரப்பர் குழாயின் முனையில். அந்த முனையைக் கத்தியால் வெட்டிச் செருகி வைத்தவன் நான். நாற்றம் வருகிறது என்று அவள் வந்து சொன்னபோது கேட்காமல் இருந்தவனும் நான்தான்.

இதை எழுதுவதால் எதுவும் நேராகிவிடாது. சொல்ல வேண்டியவர்களிடம் வாயால் சொல்லிப் பார்த்துவிட்டேன். அது எப்படிப் போனது என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நான் இயற்பியல் படித்தவன். மணலிப் பக்கத்து ஆலை ஒன்றில் வாயுவின் அழுத்தத்தை அளக்கும் கருவிகளைப் பராமரித்து ஓய்வு பெற்றவன். எங்கே எவ்வளவு கசிகிறது என்று சொல்வதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். திருவொற்றியூரில் எங்கள் வீடு. மாடியில் நாங்கள் இருவர். கீழே, காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக மீன் விற்கும் ஒரு பெண்மணி தன் குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கிறார். ஒரே மகள், கல்யாணமாகிப் போரூரில் இருக்கிறாள்.

மனைவி காத்திவாக்கத்துக்காரி. கடலுக்குப் போகிற குடும்பம். கல்யாணமான புதிதில் எங்களிடம் இருந்தது பம்பு ஸ்டவ். அது இரைந்துகொண்டே எரியும். இரைச்சல் கொஞ்சம் மாறினால் வாசலில் இருந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். ஓடி வந்து பின் ஊசி போட்டு அடைப்பை எடுப்பாள். பிறகு திரி ஸ்டவ். அதை அவள் அறவே வெறுத்தாள்; சோற்றில் மண்ணெண்ணெய் வாடை ஏறுகிறது என்பாள், எனக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம்தான் கேஸ். கேஸ் வந்த நாளிலிருந்து அவளிடம் ஒரு பழக்கம். சமையல் முடிந்ததும் முதலில் சிலிண்டரை மூடுவாள். குழாயில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து தீரும் மட்டும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சுடர் தானே அணைந்த பிறகு குமிழைத் திருப்புவாள். அப்படிப்பட்டவளைத்தான் நான் மறதிக்காரி ஆக்கினேன்.

எங்கள் பக்கத்து நாற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. ஊரில் மற்ற இடங்களில் கேஸ் நாற்றம் அடித்தால் ஓடிப்போய் ஜன்னலைத் திறப்பார்கள். எங்கள் பக்கத்தில் மூடுவார்கள். மேற்கே வரிசையாக ஆலைகள். மேல்காற்று அடிக்கும் காலங்களில், காலை வேளையில், அழுகின முட்டை வாடையோ கேஸ் வாடையோ தெருவுக்குள் வரும். யாரும் கலவரப்படுவதில்லை. ‘கம்பெனி நாத்தம்’ என்று சொல்லிவிட்டு மேற்குப் பக்கத்து ஜன்னலைச் சாத்துவார்கள், குழந்தைக்கு மூக்கில் துணி வைப்பார்கள், அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். நண்பகலுக்கு மேல் கடற்காற்று எழுந்ததும் அது போய்விடும். இந்தக் கணக்கெல்லாம் எனக்கு அத்துப்படி. எது எந்த ஆலையின் வாடை என்று தெருவில் நின்று சொல்லுவேன். நாலு பேர் கேட்பார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை.

குழாய் விஷயம் இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. முனையில் வெடிப்பு விட்டிருக்கிறது, புதுசு வாங்குங்கள் என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். ஏஜென்சிக்குச் சொன்னால் ஆள் வந்து மாற்றிவிட்டுப் போவான். எனக்கு அது கௌரவக் குறைச்சலாகத் தோன்றியது. ஆயுள் முழுவதும் குழாய்களோடு பழகியவன் வீட்டில் ஒரு குழாய்க்கு ஆள் கூப்பிடுவதா? வெடித்த முனையை மீன் அரியும் கத்தியால் வெட்டினேன். மிச்சத்தை இழுத்து அடுப்பின் மூக்கில் செருகினேன். குழாய் கட்டையாகிவிட்டதால் விறைப்பாக நின்றது. மேலே போடும் பட்டை வளையம் பழையது, இறுகவில்லை. பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஆலையில் ஒரு தொழிலாளி இதைச் செய்திருந்தால் அவனை வாசலோடு அனுப்பியிருப்பேன்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் முதல் தடவை கடலுக்குப் போய்த் திரும்பும் நாள் எங்கள் வீட்டில் ஒரு விசேஷம் மாதிரி. காத்திவாக்கத்திலிருந்து மச்சான் முதல் வலையில் வந்த சங்கரா மீனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். மனைவி பெரிய மண்சட்டியில் குழம்பு வைப்பாள். கீழ் வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் தூக்குச் சட்டியில் போகும். கோடை முழுக்க ஐஸ் மீன் தின்ற நாக்குகள் அந்தத் தூக்குக்குக் காத்திருக்கும்.

அன்றைக்குச் சாயங்காலம். சோறு வடித்து, அடுப்பை அணைத்துவிட்டு, மொட்டை மாடிக்குப் போய் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். உடனே வந்து குழம்பு வைக்கப் போகிறவள் என்பதால் சிலிண்டரை மூடவில்லை. மஞ்சள் எடுக்கக் கீழே இறங்கி வந்தவள் சமையலறை வாசலிலேயே நின்றாள். கையெல்லாம் செதில். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

“இன்னாங்க, கேஸ் நாத்தம் அடிக்குது. என் கையெல்லாம் மீனு. சிலிண்டர கொஞ்சம் மூடுங்களேன்.”

“கம்பெனி நாத்தம். மேல்காத்து.”

“மேல்காத்தா? மேல துணியெல்லாம் உள்பக்கமாப் பறந்துகினு கீது. கடக்காத்து எழும்பி எவ்ளோ நேரமாச்சு.”

“எனக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?”

அவள் மஞ்சள் டப்பாவை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். போனது ஜன்னலைச் சாத்துவதற்கு. அடுப்புக்கு மேலே கையை நீட்டி, மேற்குப் பக்கத்து ஜன்னலை இழுத்துக் கொக்கி போட்டேன். அப்போது அடுப்பைப் பார்த்தேன். இரண்டு குமிழும் மூடியிருந்தன. குனிந்தால் சிலிண்டர். குனியவில்லை. திரும்பி வந்து பேப்பரை எடுத்தேன்.

கம்பெனி நாற்றம் என்று நான் சொன்னதை நம்பி அவள் வந்து பற்ற வைத்ததும் பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. கனத்த போர்வையை உதறினாற்போல ஒரு சத்தம். நான் போய்ப் பார்த்தபோது மேடையின் கீழே நீலமாக எரிந்துகொண்டிருந்தது. அவள் வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி சுவரோடு ஒட்டி நின்றாள். நான் என்ன செய்தேன் என்று கேட்டால், நின்றேன். கீழ் வீட்டுப் பெண்மணிதான் மீன் கூடை மேல் போடும் ஈரச் சாக்கோடு ஓடி வந்து, அதைத் தீயின் மேல் போட்டு, சிலிண்டரைத் திருகி மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, மனைவியைக் கீழே குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

சமையலறையில் நான் மட்டும் இருந்தேன். சாக்கை விலக்கினேன். அடுப்பின் மூக்கிலிருந்து கழன்று, முனை கருகித் தொங்கிக்கொண்டிருந்தது குழாய். என் கை அதை எடுத்துத் திரும்பச் செருகியது. யோசித்துச் செய்தேனா என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். யோசிக்காமல் செய்தேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் செருகிவிட்டு, வளையத்தையும் மேலே ஏற்றி வைத்தேன். யோசிக்காத கை வளையம் வரைக்கும் போகாது.

ஆஸ்பத்திரிக்கு வந்த மகள் முதலில் என்னிடம்தான் கேட்டாள்.

“எப்படிப்பா ஆச்சு?”

“அம்மா அடுப்ப சரியா மூடாம மேல போயிட்டா போலிருக்கு.”

கையில் கட்டோடு கட்டிலில் கிடந்தவள் அதைக் கேட்டுவிட்டாள். “நான் மூடிட்டுத்தான் போனேன்” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஜன்னல் சாத்தினது நீங்கதானே? பாத்திருப்பீங்களே. மூடித்தானே இருந்துச்சு?”

“கவனிக்கல” என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது சந்தேகப் பார்வை என்றால் தாங்கியிருப்பேன். தன் மேலேயே சந்தேகம் வரத் தொடங்கிய பார்வை அது.

கீழ் வீட்டுப் பெண்மணி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. “அக்காவா? அக்கா அடுப்ப மூடாம வுட்டுச்சா? இன்னா சார் சொல்றீங்க! நான் அடுப்புல பால வெச்சுட்டு வாசல்ல பேசிகினு நின்னா மேலேருந்து கொரல் குடுக்கற ஆளு சார் அது” என்றார். “வயசாகுதும்மா” என்று சொல்லிச் சமாளித்தேன்.

மகள் நல்ல பெண். வேகமான பெண். தாயைக் கூட்டிக்கொண்டு மறதிக்கான டாக்டரிடம் போனாள். நானும் போனேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார். கட்டுப்போட்ட கையால் முடியாமல் இடது கையால் வரைந்தாள். முள்கள் சரியாகத்தான் இருந்தன. வயதுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் டாக்டர். மகளுக்கு அது போதவில்லை. “ஆரம்பத்துல தெரியாதாம்ப்பா” என்று வெளியே வந்து என் காதில் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

கேஸ் இணைப்பை ஒப்படைத்தோம். பழைய அடுப்பையும் குழாயையும் பழைய இரும்பு வாங்குகிறவருக்கு நானே எடுத்துக் கொடுத்தேன். மகள் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. தெருக்கோடியில் அவருடைய வண்டி திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு இண்டக்‌ஷன் அடுப்பு வந்தது. அதன் தத்துவத்தை மனைவிக்கு விளக்கினேன், வெட்கமில்லாமல். உள்ளே செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது, அதில் மின்சாரம் பாய்ந்தால் காந்தப்புலம் உண்டாகும், சூடு அடுப்பில் உண்டாவதில்லை, பாத்திரத்தின் அடியிலேயே உண்டாகிறது, ஆகவே காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வேண்டும். ஒரு காந்தத் துண்டை எடுத்துக்கொண்டு அவளுடைய பாத்திரங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். அலுமினியக் குண்டான்: ஒட்டவில்லை. பித்தளைப் பானை: இல்லை. அவள் அம்மா வீட்டு ஈயம் பூசிய உருளி: இல்லை. மண்சட்டிக்குக் காந்தத்தை வைத்துப் பார்க்கவே தேவையில்லை. அதையும் வைத்துப் பார்த்தேன். ஒட்டாததெல்லாம் பரணுக்குப் போனது. நான்கைந்து எவர்சில்வர் பாத்திரங்கள் மிஞ்சின. அவள் சுவரில் சாய்ந்துகொண்டு, வீட்டைச் சோதனை போட வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தோசக்கல்லு ஒட்டுதே” என்றாள். ஒட்டியது. ஆனால் பல வருஷம் சுடரில் இருந்து நடுவில் குழிந்துவிட்ட கல் அது. அடுப்பின் கண்ணாடித் தளத்தில் உட்காராமல் ஆடியது. அடுப்பு கத்திவிட்டு அணைந்தது. புதுசாகத் தட்டையான கல் வாங்கினோம். அதில் நடு மட்டும் கருகும், ஓரம் வேகாது.

கத்துவது என்றால் சாதாரணக் கத்தல் இல்லை. பாத்திரத்தை எடுத்தால் கத்தும். தள்ளி வைத்தால் கத்தும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் கத்தும். பொத்தான் என்று அதில் எதுவும் கிடையாது. கண்ணாடியின் மேல் விரலை வைக்க வேண்டும். தீப்பட்ட வலது கை விரல்களின் நுனி காய்ந்து தடித்திருந்தது. அவள் விரலை அது ஏற்கவில்லை. தொடுவாள், அழுத்துவாள், குத்துவாள். ஒன்றும் நடக்காது. இடது கையால் தொடுவாள். அது ஈரமாக இருக்கும். மூன்று எண் தாவிப் போய்ப் பால் பொங்கும். பொங்கின பால் தளத்தில் ஓடியதும் அது மறுபடி கத்திவிட்டு அணையும். “மெதுவாத் தொடணும்” என்று நான் கூடத்திலிருந்து குரல் கொடுப்பேன்.

“நீங்க வந்து தொடுங்க. உங்க வெரல்லதான் ஒண்ணும் ஆவலியே” என்றாள் ஒருநாள்.

போய்த் தொட்டேன். உடனே எரிந்தது. எரிந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. சுடர் இல்லை, சத்தம் இல்லை, எரிகிறதா இல்லையா என்று பார்க்க எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குப் பெரிய வதை. சுடரைப் பார்த்தே சமைத்தவள், சுடர் தீர்ந்ததைப் பார்த்தே அணைத்தவள். இப்போது அணைந்துவிட்டதா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? கத்தி ஓய்ந்தால் அணைந்தது என்றேன். அது எதற்கெல்லாமோ கத்துகிறதே என்றாள்.

கோடையில் மத்தியானம் கரண்ட் போய்விடும். கரண்ட் இருந்தாலும் மின்னழுத்தம் குறைந்து பாதிச் சூடுதான் வரும். பாதி வெந்த சோறு குக்கரில் இருக்க, இருவரும் காத்திருப்போம். எனக்கு எரிச்சல் வரும். அடுப்பின் மேல், மின்வாரியத்தின் மேல், அவள் மேல் எரிந்து விழுவேன். அவள் மேல் எரிந்து விழுகிற ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு குரல், குழாயை வெட்டியவன் நீ என்று சொல்லும். அதை அடக்க இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசுவேன்.

மீன் குழம்புக்கு மட்டும் அவள் கீழே இறங்கினாள். கீழ் வீட்டில் கேஸ் இருந்தது. மண்சட்டியைச் சேலைத் தலைப்பில் பிடித்துக்கொண்டு போவாள். அவர்கள் வீட்டு அடுப்பில் நேரம் கேட்டுச் சமைப்பாள். படியேறி வரும்போது முகத்தில் ஒரு கூச்சம் இருக்கும். ஒருநாள் படிக்கட்டில் நின்று கேட்டேன், உள்ளே இருவரும் பேசியதை.

“நான் போறேன்டி. அடுப்பு அணைஞ்சு கீதா பாரு.”

“அணைஞ்சு கீதுக்கா.”

“சிலிண்டரு?”

“மூடிகீது. இப்பத்தான நீயே மூடுன. இன்னாக்கா நீ, பேஜாரு பண்ற.”

“இல்ல, இன்னொரு தடவ பாரு. எனக்கு இப்பல்லாம் நெனப்பு நிக்கறதில்ல.”

நினைப்பு நிற்காமல் இல்லை. நிற்கிற நினைப்பை அவள் நம்புவதில்லை. அது நான் செய்தது.

கீழே போய்ச் சமைப்பது மகளுக்குத் தெரிந்ததும் சங்கடப்பட்டாள். இன்ஃப்ராரெட் அடுப்பு ஒன்று வாங்கி அனுப்பினாள். அதில் எந்தப் பாத்திரமும் வைக்கலாம், கம்பி சிவந்து தெரியும், திருகும் குமிழ்கூட இருக்கிறது. மனைவிக்கு அது கொஞ்சம் பிடித்தது. “இதுவாவது மூஞ்சியக் காட்டுது” என்றாள். பரணிலிருந்து உருளி இறங்கியது. ஆனால் அதன் குணம் அவளுக்குப் பிடிபடவில்லை, எனக்கும்தான். சூடேற நேரம் எடுக்கும், ஏறிவிட்டால் இறங்காது. அணைத்த பிறகும் தளம் கனன்றுகொண்டிருக்கும். கேஸ் என்றால் குமிழைத் திருப்பினதும் கொதி அடங்கும். இதில் அணைத்த பிறகும் கொதித்துக்கொண்டே இருந்தது, யாரோ மறந்துவிட்டுப் போனதுபோல.

மண்சட்டியை அதில் வைத்தது என் யோசனை. மகள் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. புளி கரைத்து ஊற்றிக் கொதி வருகிற நேரம், சட்டியின் அடி விண்ணென்று விரிசல் விட்டது. குழம்பு கண்ணாடித் தளமெல்லாம் ஓடி, கருகி, புகை எழும்பி, வீடு முழுக்கக் காட்டம். மனைவி ஓடிப் போய்க் குமிழைத் திருப்பினாள். திருப்பிய பிறகும் கம்பி சிவந்துதான் இருந்தது. மறுபடி திருப்பினாள், அது எரியத் தொடங்கியது. மறுபடி திருப்பினாள். “அணைச்சேனா? அணைச்சுட்டேனா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மகள் பிளக்கைப் பிடுங்கினாள். தாயை நாற்காலியில் உட்கார வைத்தாள். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, தீர்மானமாகச் சொன்னாள்.

“போதும்ப்பா. ரெண்டு பேரும் போரூர் வந்துடுங்க. அங்க சமைக்க ஆள் வச்சிருக்கேன். அம்மா சமையல்கட்டுப் பக்கம் போக வேணாம். இந்த மாடியயும் வாடகைக்கு விட்டுடலாம்.”

சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியாது. மறுப்பாள் என்று நினைத்தேன். கடல் காற்று இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. காத்திவாக்கத்திலிருந்து மீன் வராத வீட்டில் அவள் இருந்ததே இல்லை. அவள் சொன்னது இதுதான்: “அவ சொல்றது சரிதான். ஒருநாள் நானே இந்த வூட்டக் கொளுத்திடுவேன்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சொன்னேன். குழாயை வெட்டியது, வளையம் இறுகாதது, அவள் வந்து சொன்னது, ஜன்னலைச் சாத்தினது, இரண்டு குமிழும் மூடியிருந்ததைக் கண்ணால் பார்த்தது, தொங்கிய குழாயைத் திரும்பச் செருகியது. ஒன்று விடாமல்.

மகள் என்னைப் பரிவோடு பார்த்தாள். அந்தப் பரிவை நான் எதிர்பார்க்கவில்லை.

“அப்பா, அம்மாவுக்கு இங்கேயே இருக்கணும்னு ஆசை, உங்களுக்கும்தான். அத நேராச் சொல்லுங்க. இதுக்குப் போய்ப் பழிய எடுத்து உங்க மேல போட்டுக்காதீங்க.”

“நிஜமாத்தான் சொல்றேன்.”

“ஆலையில கேஸ் லைன் பாத்தவரு, வீட்டு ட்யூப கத்தியால வெட்டிச் செருகுவாரா? யாருகிட்டப்பா சொல்றீங்க? எங்க, அந்த ட்யூப காட்டுங்க.”

குழாய் இல்லை. நானே வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். பொய் சொன்னபோது ஒரு சாட்சியும் கேட்காமல் நம்பினாள். உண்மையைச் சொன்னபோது சாட்சி கேட்டாள். அவளைக் குறை சொல்லவில்லை. நான் யார் என்று அவளை நம்ப வைத்திருந்தேனோ, அவள் அந்த ஆளைத்தான் நம்பினாள்.

புகை வாடைக்கு ஏறி வந்திருந்த கீழ் வீட்டுப் பெண்மணி வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

“ஜன்னலு சாத்தித்தான் இருந்துச்சு பாப்பா” என்றார் மகளிடம். “நான்தான கொக்கிய எடுத்துத் தொறந்தேன். சூட்டுல என் கைகூட ஒட்டிக்கிச்சு. அக்கா சமைக்கறப்ப அந்த ஜன்னல சாத்தி நான் பாத்ததே இல்ல. எவன்டா சாத்தினான்னு அன்னிக்கே நெனச்சேன். கேக்கல. பெரிய மனுசன் வூடு.”

மகள் என் பக்கம் திரும்பினாள். முகத்திலிருந்த பரிவு போய்விட்டது. அதன் இடத்தில் எதுவும் வரவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டாள். “நீ இங்கயே இரும்மா” என்று தாயிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு தாயின் போனுக்குத்தான் பேசுகிறாள்.

மனைவி அழவில்லை, கத்தவில்லை. ஓடிப்போன குழம்பைத் துடைக்க ஆரம்பித்தாள். கருகினது போகவில்லை, கத்தியால் சுரண்டினாள். வெகு நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே ஒன்று கேட்டாள்.

“டாக்டரு என்ன கடிகாரம் போடச் சொன்னப்ப, பக்கத்துலதானே உக்காந்துகினு இருந்தீங்க?”

“ஆமா.”

மறுபடி கத்தியால் சுரண்டத் தொடங்கினாள்.

அடுத்த நாளே ஏஜென்சிக்கு நடந்தேன். இணைப்பைத் திரும்ப வாங்க அலைந்தேன். என்னால் செய்ய முடிந்த பரிகாரம் அவ்வளவுதான். பழைய மாதிரியே இரண்டு பர்னர் எவர்சில்வர் அடுப்பு, புதுக் குழாய், புது வளையம். வந்த ஆள் மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். நான் கூடத்தை விட்டு எழவில்லை. மேற்கு ஜன்னலின் கொக்கியை மட்டும் அதற்கு முன்பே கழற்றி எடுத்துவிட்டிருந்தேன். இப்போது அதைச் சாத்தினாலும் நிற்காது. கம்பெனி நாற்றம் வந்தால் வரட்டும்.

புது அடுப்பைப் பார்த்துவிட்டு மனைவி நெடுநாள் அதைத் தொடவில்லை. இண்டக்‌ஷனிலேயே இடது கையால் தட்டித் தட்டிச் சமைத்தாள். அது வீம்பு என்று எனக்குக் கோபம்கூட வந்தது. இவ்வளவு அலைந்து வாங்கி வைத்திருக்கிறேன், பற்ற வைத்தால் என்ன? பிறகு ஒருநாள் பார்த்தேன். இண்டக்‌ஷனின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டே, சுவரிலிருந்த சுவிட்சை மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீம்பு இல்லை, பயம்.

இந்த வருஷம் தடைக்காலம் முடிந்து படகுகள் வந்தன. மச்சான் சங்கரா கொண்டுவந்தார். மனைவி புதுச் சட்டி ஒன்றைப் பழக்கி வைத்திருந்தாள், எனக்குத் தெரியாமல். மீனைக் கழுவிக்கொண்டு வந்தாள். சிலிண்டரைத் திறந்தாள். கொஞ்ச நேரம் மூக்கை உயர்த்தி நின்றாள். மொட்டை மாடிக்கு ஏறிப்போய்த் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு பற்ற வைத்தாள். நீலச் சுடர் வட்டமாக எழுந்தது. வீடு முழுக்கப் புளியும் மிளகாயும் மணந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு எழுந்து போய்ப் பார்க்கத் தைரியம் இல்லை.

குழம்பு இறங்கியது. சிலிண்டரை மூடினாள். சுடர் தீரும்வரை நின்றாள். குமிழைத் திருப்பினாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். இத்தனை நாளில் அவளாகக் கூப்பிட்டது அது முதல் தடவை.

“இங்க வாங்க. மூடிகீதா பாருங்க.”

போனேன். குனிந்து பார்த்தேன். தொட்டும் பார்த்தேன். “மூடியிருக்கு” என்றேன். “ரெண்டும் மூடியிருக்கு. சிலிண்டரும்.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து இதைத்தான் கேட்டாள். அன்று வராத பதில் இன்று வந்திருக்கிறது. ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் என்னைத் தாண்டி நடந்து, படிக்கட்டின் தலையில் நின்று, கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஏய், கொஞ்சம் மேல வாடி. அடுப்பு மூடிகீதா பாரு.”

“சாரு இல்லியா, அவர பாக்கச் சொல்லு!”

“அவரு பாத்துட்டாரு. நீ வா.”

கீழ் வீட்டுப் பெண்மணி ஈரக் கையோடு ஏறி வந்து, எனக்குப் பக்கத்தில் குனிந்து, குமிழையும் சிலிண்டரையும் பார்த்தார். “மூடித்தான் கீதுக்கா” என்றார். அப்புறம்தான் மனைவி தூக்குகளை எடுத்து வைத்துக் குழம்பை ஊற்றத் தொடங்கினாள்.